பனிமலைக்கு ஒரு சோடிக் கட்டை

வெள்ளவத்தையிலே தமிழர் இல்லம் எதற்குச் சென்றாலும், கூடத்துச் சுவரிலோ கண்ணாடி அலுமாரியிலோ ஒரு புகைப்படம் நம்மை வரவேற்கக் காணலாம். வெண்பனி மூடிய மலைச்சரிவு. பின்னால் ஊசியிலை மரங்கள். முன்னால் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த சிறுவனோ சிறுமியோ, கால்களிலே இரு நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு சிரித்த முகத்துடன் நிற்கும் காட்சி. "இது எங்கட மூத்தவளின்ர கடைக்குட்டி, சுவிசிலே" என்று வீட்டுப் பாட்டியார் பெருமையுடன் அறிமுகஞ் செய்து வைப்பார். அக்கட்டைகளைப் பற்றி மேலும் வினவினால், "அதென்னவோ தம்பி, பனியிலே வழுக்கிற பலகை" என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதம் இப்பலகைகளைப் பற்றியதே. அவருடைய பேத்தி பேர்ண் நகருக்கு அண்மையில் வாழ்பவள். தாதியர் பயிற்சியை முடித்து இவ்வாண்டுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கிறாள். பதினைந்து ஆண்டுகளாக வாடகைக் கட்டைகளிலே சறுக்கி வந்தவள், இப்பொழுது சொந்தமாக ஒரு சோடி வாங்க விரும்புகிறாள். நண்பர் ஒருவர் 108 மில்லிமீற்றர் அகலமுள்ள கட்டைகளைப் பாதி விலைக்குத் தருவதாகக் கூறியுள்ளாராம். "அகலமானது எதற்கும் உதவும்" என்பது அந்நண்பரின் வாதம். "ஹோட்டல் அடுக்களையிலே இருபது வருடம் சட்டிபானை கழுவிய தகப்பன் வளர்த்த பிள்ளை, அவளுடைய முதற் பணம் வீணாகக் கூடாது, பாட்டியாரும் ஒரு தொகை அனுப்ப ஆசைப்படுகிறார், விஞ்ஞானம் கற்பிப்பவராகிய நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" எனக் கேட்கிறார் அன்பர்.

வெப்ப நாட்டிலே பிறந்து, நுவரெலியாவின் உறைபனியை ஓரிரு முறை புல்நுனியிற் கண்ட ஒருவனிடம் இவ்வினாவைத் தொடுப்பது வேடிக்கையே. ஆயினும் கட்டையும் பனியும் மலையும் பௌதிக விதிகளுக்கு உட்பட்டவை. அன்றியும் சென்ற பங்குனியில், சுவிற்சர்லாந்தில் வாழும் என் தமையனார் அழைப்பின்பேரில் அங்குச் சென்று, கிரின்டெல்வால்ட் என்னும் மலையூரிலிருந்து பற்சக்கர இரயிலேறி, 2,061 மீற்றர் உயரமுள்ள கிளைனே சைடெக் கணவாயில் ஒரு பகல் முழுவதும் நின்று பார்த்திருக்கிறேன். நம் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர்; அதனிலும் தாழ்ந்த ஓரிடத்திலே முழங்காலளவு பனி கிடப்பதைக் காணும்போது, உயரத்தைவிட அகலக்கோட்டின் வலிமை எத்துணைப் பெரிது என்பது புத்தகமின்றியே புலனாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'ஸ்கீ' என்பது பழைய நோர்வே மொழியிலே பிளந்த மரத்துண்டைக் குறித்தது. ஆதலால் 'சறுக்குக்கட்டை' என நாம் கூறுவதிலே பிழையில்லை. பனி என்ற சொல்தான் நம்மை இடர்ப்படுத்துகிறது. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த தமிழன், புல்லிலே துளிர்த்த நீரையும் மூடுமஞ்சையும் கருதியே அப்பெயரிட்டான். வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதும், அது அழுந்தி இறுகிப் பாறையாவதும் அவன் நிலத்தில் நிகழ்ந்தனவல்ல. எனவே இக்கட்டுரையின் பொருட்டு, புதிதாய் விழுந்து உதிரியாய்க் கிடப்பதைத் தூள்பனி என்றும், அழுத்தப்பட்டு இறுகியதை வன்பனி என்றும், இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கலப்புப்பனி என்றும் வழங்குவோம். கடைக்காரன் விற்பது கட்டையேயாயினும், வாங்குபவர் முதலில் அறியவேண்டியது பனியையே.

சுவிற்சர்லாந்திலே பள்ளிப் பிள்ளைகள் மாரிகாலத்தில் ஒரு கிழமை மலையிலே தங்கிச் சறுக்கப் பழகும் முகாம் நெடுங்கால வழக்கம். நம்மவர் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இவ்வித்தையை முதன்முதற் கற்றது அங்கேதான். செலவை எண்ணிப் பெற்றோர் தயங்கிய காலமும் உண்டு. கட்டாயமான பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் உணவுக்கான சிறு தொகையன்றி வேறு அறவிடலாகாது என 2017ஆம் ஆண்டின் இறுதியிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு கற்ற பிள்ளை வளர்ந்து, தன் உழைப்பிலே கட்டை வாங்கும் பருவத்தை எய்துவது அக்குடும்பத்தின் கதையிலே ஒரு படி. அதனாலேதான் கொட்டாஞ்சேனை அன்பரின் வினாவை விளையாட்டுப் பொருளென்று நான் ஒதுக்கவில்லை.

கிளைனே சைடெக்கிலே நான் கண்டதைச் சொல்கிறேன். முதல்நாள் வெயிலிலே இளகிய பனி இரவிலே மீண்டும் உறைந்துவிடுகிறது. அதனைப் பெரும் இயந்திரங்கள் சீவி, தேங்காய்த் துருவல் வரிபோன்ற நுண்வரிகளுடன் பரப்பி வைக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு அதன்மேற் செல்லும் கட்டைகள் 'கரக் கரக்' என ஒலி எழுப்புகின்றன. நண்பகல் தாண்டியதும் அதே சரிவு இளகி, ஆங்காங்கே குவியல் குவியலாகப் புரண்டு கிடக்கிறது. மாலையில் மலைநிழல் விழுந்த பக்கம் மறுபடியும் இறுகத் தொடங்குகிறது. "காலமை இது கண்ணாடி, சித்தப்பா, பின்னேரம் களி" என்றாள் என் பெறாமகள். ஒரே நாளில், ஒரே சரிவில் மூன்று பனிகள்! இவை எல்லாவற்றுக்கும் ஒரே சோடிக் கட்டை வேண்டுமென்பதே வினா. படங்களிலே நாம் காணும், மார்பளவு தூள்பனியைக் கிழித்துச் செல்லும் வீரரின் காட்சி, இத்தகைய மலைகளில் சாதாரண மனிதருக்கு ஆண்டிலே சில நாட்களே வாய்ப்பது.

இனி அகலத்துக்கு வருவோம். கட்டையின் அகலம் என்று கடைகளிற் கூறுவது, சப்பாத்தின் கீழுள்ள இடைப்பகுதியின் அகலத்தையே. முன்னும் பின்னும் அது விரிந்திருக்கும். துவிச்சக்கர வண்டியை வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் உருட்டிப் பார்த்தவர்க்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். ஒடுங்கிய சில்லு மணலிலே புதைகிறது. காலி வீதியிலோ அதுவே விரைந்து செல்கிறது. அகன்ற கட்டை உடற்பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்து அமுக்கத்தைக் குறைப்பதால் தூள்பனியில் மிதக்கும். வன்பனியிலே மிதக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே வேண்டுவது பிடிப்பு.

அப்பிடிப்பைத் தருவது கட்டையின் இரு ஓரங்களிலும் பதித்த உருக்கு விளிம்பு. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரத்தவரான ரூடொல்ப் லெட்னர் என்பவர் 1920களில் இதனைப் புகுத்தினார். அதற்கு முன் மரத்தின் ஓரமே பனியைக் கவ்வ வேண்டியிருந்தது. அது விரைவில் மழுங்கிவிடும். சறுக்குபவர் திரும்பும்போது கட்டையைச் சாய்க்கிறார். உடற்பாரம் முழுவதும் ஒரு விளிம்பின்மேல் நிற்கிறது. கத்தி காய்கறியை அறுப்பதுபோல் விளிம்பு வன்பனியை அறுத்து ஒரு தடம் செய்து, அத்தடத்திலே வழுவாமல் ஓடுகிறது.

அகலத்தின் குறை இவ்விடத்திலேதான் வெளிப்படுகிறது. 88 மில்லிமீற்றர்க் கட்டையிலே, காலின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 44 மில்லிமீற்றர் தூரத்திலுள்ளது. 108 மில்லிமீற்றர்க் கட்டையிலே 54. விசையின் திருப்பம் தூரத்தோடு பெருகும் என்பது பத்தாம் வகுப்பு மாணவனும் அறிந்த விதி. ஆகவே அகன்ற கட்டையைச் சாய்த்து நிறுத்துவதற்குக் கணுக்காலும் முழங்காலும் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு மிகுதியாகப் பாடுபடவேண்டும். மாடிப்படியின் விளிம்பிலே பாதத்தின் ஓரத்தை மாத்திரம் ஊன்றி நின்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் முழங்கால் சொல்லும் செய்தி எந்த விளம்பரத்திலும் இராது. நாள் முழுவதும் வன்பனியிலே இவ்வாறு உழைக்கும் முழங்கால், மாலைநேரத்துக் களைப்பிலே பிசகுவதற்கு வாய்ப்பு மிகுதி. முழங்காலின் இணையம் அறுவது இவ்விளையாட்டிலே மிகுதியாகக் காணப்படும் காயங்களுள் ஒன்று. மருத்துவமனை வாட்டிலே நாள் முழுதும் நின்று தொழில் செய்யவேண்டிய தாதிக்கு அதன் பொருள் என்ன என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

எனவே அல்ப்ஸ் மலையின் கலப்புப்பனியிலே ஒரே சோடி கொண்டு ஒப்பேற்ற விரும்புவோர்க்கு, இடையகலம் 80 முதல் 90 வரை என்பதே என் துணிபு. பெரும்பாலும் சீவிய தடத்திலே செல்பவர் 80ஐ அணுகலாம்; தடத்துக்கு வெளியே அடிக்கடி ஆசைகொள்பவர் 90ஐ ஒட்டலாம், சற்றுத் தாண்டினாலும் குற்றமில்லை. போட்டிச் சறுக்கர்கள் கையாளும் 65 மில்லிமீற்றர் அளவினவற்றை இங்கு நான் கருதவில்லை. நீர் பாய்ச்சி வேண்டுமென்றே பனிக்கட்டியாக்கிய பந்தயத் தடத்துக்கு உரியவை அவை. பிற்பகற் குவியலிலே அவை தடுமாறும்.

அகலத்தை மாத்திரம் கேட்டு வாங்குபவர் பாதிதான் கேட்டவராவர். கட்டையின் வளைவும் அகலத்துக்குச் சளைத்ததன்று. கட்டையைத் தரையிலே வைத்துப் பக்கவாட்டிற் பார்த்தால், நல்ல வன்பனிக் கட்டையின் நடுப்பகுதி நிலத்தைத் தொடாமல் மெல்லிய வில்போல் எழுந்து நிற்கும். லொறியின் சில்லுக்கு மேலுள்ள வில்லுத்தகட்டை நினைத்துக்கொள்க. பாரம் ஏறியதும் அது தட்டையாகி, தன் இரு முனைகளையும் பனியிலே அழுத்துகிறது; அதனால் விளிம்பின் முழுநீளமும் கவ்வுகிறது. இதற்கு மாறாக, முனைகள் முன்கூட்டியே மேல்நோக்கி எழும் அமைப்பும் உண்டு. 2000களின் தொடக்கத்திலே, நீரிற் சறுக்கும் பலகையின் வடிவத்தைக் கண்டு, சேன் மக்கொன்கி என்னும் சறுக்கு வீரர் ஆழ்ந்த தூள்பனிக்கென இதனைப் பரவச் செய்தார். தோணியின் அணியம்போல் அது தூளின்மேல் ஏறும். வன்பனியிலோ உயர்ந்த முனை காற்றிலே நின்று படபடக்கும். கலப்புப்பனிக்கு வேண்டியது இரண்டின் இணக்கம்: நடுவிலே வில், முன்முனையிலே மாத்திரம் சிறிது எழுச்சி, பின்முனை ஏறத்தாழத் தட்டை. கடையிலே கட்டைகள் இரண்டையும் அடியோடு அடி ஒட்டவைத்துப் பார்த்தால் நடுவிலே தோன்றும் இடைவெளியும், முனையிலே எவ்விடத்திற் பிரிகின்றன என்பதும் கண்ணாலேயே அறியக்கூடியவை. விற்பவரின் வாய்ச்சொல் வேண்டா.

மூன்றாவது, உள்ளீடு. வெளியே வண்ணப்படம் எதுவாயினும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரமே. அதன் மேலும் கீழும் கண்ணாடியிழையும், சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடும் ஒட்டப்பட்டிருக்கும். ஹவர்ட் ஹெட் என்னும் அமெரிக்க விமானப் பொறியியலாளர், விமானம் கட்டும் முறையைப் பின்பற்றி உலோகத்தையும் மரத்தையும் அடுக்கிச் செய்த கட்டைகள் 1950ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்து, முழுமரக் கட்டைகளை ஓரங்கட்டின. இக்காலத்துத் தகட்டுக்குத் 'தைற்றனல்' என்று பெயர். பெயரைக் கேட்டுத் தைற்றேனியம் என மயங்குவோர் பலர். உண்மையில் அது அலுமினியக் கலப்புலோகம். அதன் பயன் அதிர்வை அடக்குவது. இலேசான கட்டை வன்பனியிலே தகரக் கதவுபோல் அதிர்ந்து, விளிம்பு தடத்தைவிட்டுத் துள்ளும். தகடு பதித்தது பாரமாயினும் பனியோடு ஒட்டி ஓடும். ஆனால் இரு முழுத்தகடு பதித்த விறைத்த கட்டை, மெலிந்த உடலினர்க்கும் மெல்லச் செல்பவர்க்கும் வளைந்து கொடுக்காது. அறுபது கிலோவுக்கு உட்பட்ட ஒரு பெண்ணுக்குப் பகுதித் தகடோ, ஒரே தகடோ போதுமானது. பெண்களுக்கெனத் தனியாகச் செய்பவை எல்லாம் வண்ணம் மாற்றியவை மாத்திரமே என்று ஏளனஞ் செய்வதும் சரியன்று. சிலவற்றிலே உள்ளீடே மெலிந்திருக்கும், கேட்டறிதல் வேண்டும்.

நீளம் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கட்டையை நிமிர்த்தினால் முனை நாடிக்கும் நெற்றிக்கும் இடையே நிற்கட்டும்; பழகியவர் நெற்றியை ஒட்டியும், பழகுபவர் நாடியை ஒட்டியும் எடுக்கலாம். முன்முனை அதிகம் எழுந்ததாயின் சில சென்ரிமீற்றர் கூட்டலாம். கட்டையின்மேல் அச்சிட்டிருக்கும் ஆரை என்ற எண், பக்க விளிம்பின் வளைவைக் குறிப்பது. 1990களின் தொடக்கத்திலே சுலொவேனியாவின் ஈலான் நிறுவனம் ஆழமாக இடையொடுக்கிய கட்டைகளை வெளியிட்ட பின்னரே, சாதாரண மக்களும் சாய்த்த மாத்திரத்தில் வளைந்து திரும்பக் கற்றனர். பதினான்கு முதல் பதினெட்டு மீற்றர் வரை ஆரையுள்ளவை நாம் பேசும் பயனுக்கு ஏற்றவை.

இவ்வளவும் அல்ப்ஸ் மலைக்கு உரிய கணக்கு. நம்மவர் வேறெங்கும் பரந்து வாழ்கிறார்கள். றொறன்ரோவிலே பேரப்பிள்ளைகளையுடைய வாசகர் இதனையே அப்படியே எழுதி அனுப்பிவிட வேண்டா. அவர்கள் வார இறுதியிலே செல்லும் புளூ மவுண்டன் உச்சியிலிருந்து அடிவரை ஏறத்தாழ 220 மீற்றர்தான். இயந்திரம் தூவிய பனி. இடையிடையே மழை பெய்து உறையும். அங்கே 75 முதல் 85 வரை போதும். வான்கூவரை அடுத்த விஸ்லர் மலையிலோ பசிபிக் கடலின் ஈரக்காற்றால் கனத்த பனி மிகுதியாகக் கொட்டும். நூறை அணுகிய அகலமும் அங்கே பேராசையாகாது. காஷ்மீரத்துக் குல்மார்க்கிலே கம்பித்தேர் ஏறத்தாழ 3,980 மீற்றர் வரை ஏற்றிவிடுகிறது. மேற்சரிவுகளிலே சீவாத தூள்பனி கிடக்கும். அங்கே போகின்றவர்க்கு 108ஐ நான் மறுக்கமாட்டேன். அதே குல்மார்க் மலையடிவாரத்துப் பிள்ளையான ஆரிப் கான், 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே இந்தியாவின் ஒரே போட்டியாளராக நின்றபோது பூட்டியிருந்தவை ஒடுங்கிய பந்தயக் கட்டைகளே.

இப்பொழுது அன்பரின் பாட்டியாருக்கு ஒரு சொல். பணம் அனுப்புவதாயின், அது கட்டைக்கன்றிச் சப்பாத்துக்கு ஆகட்டும். சறுக்குச் சப்பாத்து காலோடு இறுகப் பொருந்தாவிட்டால், காலின் சாய்வு கட்டைக்குச் சென்று சேராது. எத்துணை விலையுயர்ந்த விளிம்பும் அங்கே பயனற்றுப்போம். பாதத்தை அளந்து, ஓட்டைச் சூடாக்கி இளக்கிப் பொருத்தும் தேர்ந்த கடையிலே, அவசரமின்றி ஒரு பிற்பகலைச் செலவிட வேண்டும். மலிவைக் கருதி ஒரு அளவு பெரிதாக வாங்கித் தடித்த காலுறை இரண்டு மாட்டுவது நம்மவரிடையே கண்ட வழக்கம். "பிள்ளைக்குக் குளிராமல் இருக்கட்டும்" என்ற தாயன்பே அதன் காரணம். இரத்தவோட்டம் தடைப்பட்டு விரல் மேலும் குளிர்வதே அதன் விளைவு.

சப்பாத்தையும் கட்டையையும் இணைக்கும் பிணைப்பு, விழும்போது காலை விடுவிக்க வேண்டிய கருவி. அதன் இறுக்கம் உடல் நிறை, உயரம், வயது, திறமை, சப்பாத்தின் அடிநீளம் ஆகியவற்றைக் கொண்டு அட்டவணைப்படி கணிக்கப்படுவது. இதனை வீட்டிலே திருகாணி கொண்டு திருத்துவது, மருந்தின் அளவை அயலவரிடம் கேட்டுக் குடிப்பதற்கு ஒப்பாகும். சுவிற்சர்லாந்தின் விபத்துத் தடுப்பு நிலையம் ஆண்டுதோறும் பிணைப்பைச் சோதிக்குமாறு அறிவுறுத்துகிறது. பிணைப்பு முக்கியமாகக் காலெலும்பைக் காக்கவே அமைந்தது. முழங்கால் இணையத்துக்கு அது முழுக் காவலன்று என்பதையும் பேத்தி அறிந்திருத்தல் நலம்.

பாதி விலைக் கட்டையை என்ன செய்வது? நன்றி கூறி மறுத்துவிடலாம். பழையன யாவும் ஆகா என்பதன்று. 108 என்பதே மறுப்புக்குக் காரணம். 85ஐ ஒட்டிய நல்ல சோடியொன்று பாதி விலைக்குக் கிட்டுமாயின் மகிழ்ந்து வாங்கலாம். வாங்குமுன் உருக்கு விளிம்பு தேய்ந்து மெலிந்துள்ளதா, எங்கேனும் வெடித்துள்ளதா என விரலால் தடவிப் பார்க்கட்டும். பிணைப்பு மிகப் பழையதாயின் கடைக்காரர் அதனைச் சோதித்துத் தரவே மறுக்கக்கூடும். இன்னும் சிறந்த வழியும் ஒன்றுண்டு. மலையடிவாரக் கடைகள் புதிய கட்டைகளைச் சோதனைக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. வாங்கினால் அவ்வாடகையை விலையிற் கழிக்கும் கடைகளும் உள. என் பெறாமகள் அன்று காலையில் ஒரு சோடியும் பிற்பகலில் ஒரு சோடியுமாக மாற்றிப் பார்த்தாள். சோதிப்பவர் செய்யவேண்டியது அவற்றை நேர்மாறாகவும் ஒருநாள் மாற்றுவது. களியிலே இனித்த கட்டை கண்ணாடியிலே கசக்கக்கூடும். "வருஷத்துக்கு எத்தனை நாள் போறாய்? வாடகையே காணுமே!" என்று தமையனார் இடையிட்டார். ஆண்டுக்கு நாலைந்து நாள் செல்பவர்க்கு அவர் கூற்றே சரியான கணக்கு. பதினைந்து நாளுக்குக் குறையாமற் செல்பவளுக்கு அது பொருந்தாது.

வாங்கிய பின் விளிம்பைத் தீட்டுவதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கவேண்டும். வன்பனியிலே சில நாள் ஓடிய விளிம்பு மழுங்கிவிடும். தீட்டாத புதுக்கட்டையைவிடத் தீட்டிய பழங்கட்டை நன்கு பிடிக்கும். 88 பாகையிலோ 87 பாகையிலோ தீட்டித் தருமாறு கடையிலே கேட்டால் அவர்களுக்கு விளங்கும். வீட்டுக்கு வந்ததும் விளிம்பை உலர்ந்த துணியாலே துடைத்து, ஈரமான உறைக்குள்ளே விடாமல் வெளியே நிறுத்தினால் துருவேறாது. கோடைக்கு எடுத்து வைக்குமுன் அடிப்பாகத்திலும் விளிம்பிலும் தடிப்பாக மெழுகு பூசி, அடுத்த மார்கழிவரை அதனைச் சுரண்டாமல் விட்டுவிடலாம்.